மே மாதத்து வகுப்பறைகள்

கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்தால், மாநிலம் மாறிவிட்டதைச் சோதனைச் சாவடி மட்டும்தான் சொல்லும். அதே செம்மண், அதே தென்னந்தோப்பு, டீக்கடையில் அதே கொங்குத் தமிழ். எங்கள் ஆழியாற்றுத் தண்ணீர் 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தப் பக்கம் வந்து சித்தூர்ப் புழையாக ஓடுகிறது. மரத்துக்கு மரம் கள்ளுப் பானை தொங்குகிறது. கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் இங்கிருந்துதான் கள் போகிறது என்று பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பெருமையாகச் சொன்னார்.

ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சிகளைத் திட்டமிடுவது என் வேலை. எங்கள் ஒன்றியத்து உயர்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைகள் 2024-இல் வந்துகொண்டிருந்தன. பாடநூலில் கியூ.ஆர். குறியீடு, 2023-இல் வந்த மணற்கேணி செயலி என்று பாடப்பொருளுக்கும் குறைவில்லை. இவற்றையெல்லாம் பாடத்துக்குள் கொண்டுவருவது எப்படி என்று ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேச ஒரு பயிற்சித் திட்டம் எழுத வேண்டியிருந்தது. எழுதுவதற்கு முன், இதையே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவரும் பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று 2024 மே கடைசியில் கிளம்பினேன்.

மே மாதம் கேரளத்து ஆசிரியர்கள் மாணவர்களாகும் மாதம். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்குமுன் விடுமுறைப் பயிற்சியை முடித்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதாம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல் என்பதால் எங்கு பார்த்தாலும் பயிற்சி. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. தமிழ் வழிக் கணக்கு ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்த ஒரு வகுப்பில் கடைசி பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார்கள்.

ஏப்ரலில் வெப்ப அலை அடித்த மாவட்டம் அது. மின்விசிறி சூட்டைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே இருக்கும் ஒரு டீச்சர் எனக்கு முன்வரிசையில் இருந்தார். ஜியோஜீப்ராவில் ஓர் அரைவட்டம் வரைந்து, அதன் மேல் ஒரு புள்ளி வைத்து, விட்டத்தின் இரு முனைகளோடு சேர்த்தார். புள்ளியில் உண்டான கோணம் 90 டிகிரி. மௌஸைப் பிடித்துப் புள்ளியை வட்டத்தின் மேலேயே நகர்த்தினார். 90 மாறவில்லை. கை தவறிப் புள்ளியை நீக்கிவிட்டார். பயிற்சி கொடுத்த மாஸ்டர் டிரெய்னர் பக்கத்தில்தான் நின்றார், ஆனால் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். "மேலே பாருங்க டீச்சர், வளைஞ்ச அம்பு ஒண்ணு இருக்குல்ல" என்றார். டீச்சர் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினார். புள்ளி திரும்பி வந்தது. முழு நாளும் அந்த மனிதர் யாருடைய மௌஸையும் தொடவில்லை.

அதைவிட என்னைக் கட்டிப்போட்டது அதற்குப் பின் நடந்த பேச்சு. புள்ளியை வட்டத்துக்குள்ளே இழுத்தால் கோணம் 90-ஐவிடக் கூடுகிறது. வெளியே இழுத்தால் குறைகிறது. எல்லோரும் செய்து முடித்ததும் மாஸ்டர் டிரெய்னர் கேட்டார்: "இதைப் பசங்களுக்கு எப்பக் காட்டுவீங்க? நிரூபணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" முன்னால் காட்டினால், கண்ணால் பார்த்தாயிற்றே, நிரூபணம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்றார் ஒருவர். பின்னால் காட்டினால் யாருக்கும் ஆர்வம் இருக்காது என்றார் இன்னொருவர். முதலில் நோட்டில் அரைவட்டத்துக்குள் ஆளுக்கொரு முக்கோணம் வரையச் சொல்லிக் கோணத்தை அளக்கவைத்து, ஒருவருக்கு 89, ஒருவருக்கு 91 என்று வந்த பிறகு திரையைப் போடலாம், அப்போதுதான் சரியாக 90 ஏன் என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும் என்றார் அந்த மூத்த டீச்சர். அவர் சொன்னதுதான் கடைசியில் எல்லோருடைய குறிப்பேட்டிலும் ஏறியது. மென்பொருளைக் கற்றுக்கொடுக்கக் காலையில் கொஞ்ச நேரமே எடுத்துக்கொண்டார்கள். மீதி நேரமெல்லாம் பாடத்தைப் பற்றிய வாதம்.

மதியம் அந்த மாஸ்டர் டிரெய்னரோடு பேசினேன். அவரும் பள்ளி ஆசிரியர்தான். "என்னைக்கு இருந்தாலும் வகுப்புக்குத் திரும்பப் போறவன்தானுங்க நான். அங்க நடக்காத ஒண்ணை இங்க சொல்லிட்டு எப்படிப் போய் நிக்கிறது?" என்றார். பயிற்சிக்கு வருகிறவர்கள் அவரை 'மாஷ்' என்று கூப்பிட்டதில் சக ஊழியரின் உரிமை தெரிந்தது. அதிகாரியைக் கூப்பிடும் குரல் வேறு.

ராமசேரி

பாலக்காட்டுக்குப் போகும் வழியில் எலப்புள்ளிக்கு அருகே ராமசேரி. தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன்பு வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் சில இங்கே ஒருவகைத் தட்டை இட்லி சுடுகின்றன. மண்பானை வாயில் வலை கட்டி, அதன் மேல் ஈரத்துணி விரித்து, மாவை ஊற்றி இன்னொரு பானையால் மூடுகிறார்கள். விறகடுப்புப் புகையின் வாசம் இட்லியில் லேசாக ஏறியிருக்கிறது. மிளகாய்ப் பொடியில் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் குழைத்துத் தொட்டுக்கொண்டால், நல்லெண்ணெய்க்குப் பழகிய நாக்குக்கு முதல் வாயில் அந்நியமாகவும் மூன்றாவது வாயில் சொந்தமாகவும் இருக்கிறது.

கடையில் ஓய்வு பெற்ற ஓர் இயற்பியல் ஆசிரியர் பழக்கமானார். கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியபோது முதல் அணியில் பயிற்சி பெற்றவர். இஸ்ரோவின் தலைவராக இருந்த யு.ஆர். ராவ் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்த திட்டம் அது. "அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் ரூமுக்குச் செருப்பைக் கழட்டி வச்சுட்டுத்தான் போகணும். ஜன்னலுக்குத் திரை. சாவி ஹெட்மாஸ்டர் மேஜையில" என்று சிரித்தார். எங்கள் ஊரிலும் அப்படித்தானே என்று நானும் சொன்னேன்.

பயம் எப்போது போனது என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது: லினக்ஸுக்கு மாறியபோது. அந்தப் பத்தாண்டின் நடுவில் கேரளம் பள்ளிகளுக்குக் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது. உரிமக் கட்டணம் மிச்சம் என்பதுதான் வெளியே பேசப்படும் காரணம். அவர் வேறொன்றைச் சொன்னார். மாற்றம் வந்தபோது ஆசிரியர்களே கூடி உட்கார்ந்து, பள்ளிக் கணினிகளில் தங்கள் கையாலேயே இயங்குதளத்தை நிறுவினார்கள். ஒரு கணினியை முழுதாக அழித்து, திரும்ப உயிர் கொடுத்துப் பார்த்த மலையாள வாத்தியாருக்கும் தையல் டீச்சருக்கும் அதற்குப் பின் அந்தப் பெட்டியிடம் பயப்பட ஒன்றுமில்லை. மாநிலம் முழுக்க ஒரே இயங்குதளம், ஒரே மென்பொருள் தொகுப்பு என்பதால் காசர்கோட்டில் ஒருவர் எழுதிவைத்த வழிகாட்டி பாலக்காட்டிலும் அப்படியே பொருந்தியது. பயிற்சியில் பார்த்த திரையும் பள்ளியில் திறக்கும் திரையும் ஒன்றாக இருந்தன.

சின்ன விஷயமாகத் தோன்றலாம். பயிற்சி நடக்கும் இடத்தில் ஒரு கணினி, பள்ளியில் இன்னொரு விதம், ஆசிரியரின் கைப்பேசியில் மூன்றாவது விதம் என்று இருக்கும்போது, கற்றதில் எவ்வளவு வழியிலேயே சிந்திப்போகிறது என்பதைப் பயிற்சி நடத்தும் எவரும் பார்த்திருப்பார்கள். எங்களிடம் உள்ள அடுக்குமுறைப் பயிற்சியிலும் இதே சிக்கல் உண்டு. மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டாரக் கருத்தாளர் என்று படிப்படியாக இறங்கி ஆசிரியரிடம் வந்துசேரும்போது ஸ்லைடு மிஞ்சியிருக்கும், ஸ்லைடைச் சுற்றி நடந்த விவாதம் மிஞ்சியிருக்காது.

இடப்பள்ளி

கொச்சியில் மழை. பருவமழை அந்த ஆண்டு மே 30-ஆம் தேதியே கேரளத்துக்கு வந்துவிட்டது. பாலக்காட்டுச் சூட்டிலிருந்து வந்த உடம்பு, இடப்பள்ளிச் சாலையில் முழங்கால் நனைய நடந்தபோது சிலிர்த்தது. ஒரு சாயாக்கடையில் ஒதுங்கிக் கப்பையும் மத்தி மீன் கறியும் சாப்பிட்டேன். குடம்புளி போட்ட குழம்பு. நம் ஊர்ப் புளிக்குழம்பு போலத் தொண்டையில் ஏறாமல் அடி நாக்கில் தங்குகிறது.

ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. அதன் மண்டல மையம் இடப்பள்ளியில் இருக்கிறது. 2018 ஜனவரியில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளை லேப்டாப், புரொஜெக்டர், இணையத்தோடு மாற்றத் தொடங்கியவர்கள் இவர்கள். 2005-இல் அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியும் இப்போது இவர்கள் பொறுப்பில்தான். 2024 மே மாதத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வரை கற்பிக்கும் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி தொடங்கியிருந்தார்கள். மூன்று நாள் பயிற்சி, ஓர் அணிக்கு 25 பேர்.

இந்த எண்களை ஏற்கெனவே படித்திருந்தேன். நேரில் கேட்டபோது மனதில் நின்றவை வேறு. 25 என்பதில் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. நூறு பேரை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்தால் பயிற்சி ஒரு வாரத்தில் முடிந்துவிடும், ஆனால் ஒவ்வொருவருடைய திரையையும் யாரும் பார்க்க முடியாது. அடுத்தது, பழுது. வகுப்பறைக் கருவிகளை வாங்கும்போதே ஐந்தாண்டு உத்தரவாதம் கேட்டு வாங்கினார்கள். புகாரைப் பள்ளியே இணையத்தில் பதிவு செய்கிறது.

"இதுவும் பயிற்சித் திட்டத்தில் சேருமா?" என்று அங்கே ஓர் ஆசிரியையிடம் கேட்டேன். கணக்குப் பாடத்துக்கான கையேடு எழுத வந்திருந்தவர். "சேரும் சார். புரொஜெக்டர் உடைஞ்சா யார் பணம் கட்டுறதுன்னு தெரியலைன்னா எந்த டீச்சர் அதைத் தொடுவாங்க?" என்றார். எத்தனை பள்ளிகளில் லேப்டாப்புகள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன என்று நாம் வருத்தப்படுகிறோம். பூட்டிய தலைமையாசிரியரைக் கேட்டால் அவர் காட்டுவது இருப்புப் பதிவேட்டை. தணிக்கைக்கு ஆள் வரும்போது பொருள் முழுசாக இருக்க வேண்டும். அந்தத் தலைமையாசிரியரின் பயம் நியாயமானது. ஆசிரியருக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் அந்தப் பீரோ திறக்காது. பயத்துக்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கு ஒருவர் வீதம் ஐ.டி. ஒருங்கிணைப்பாளராக ஓர் ஆசிரியர் இருக்கிறார். அதற்கும் மேல், 2018-இலிருந்து 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றம் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடக்கிறது. எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுத்து அசைவூட்டம், நிரலாக்கம், கருவிப் பராமரிப்பு எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்பின் நடுவில் திரை இருண்டால் ஆசிரியர் ஒருங்கிணைப்பாளரைத் தேடி ஓட வேண்டாம். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து கேபிளைச் சரிசெய்துவிட்டுப் போவாள்.

குறை சொல்லவும் ஆள் இருந்தார்கள். பயிற்சிக்கு மேல் பயிற்சி, விடுமுறையே மிச்சமில்லை என்றார் ஒருவர். தமிழ் வழிக்கு வேண்டியவை குறைவு, மலையாளத்தில் இருப்பதை நாங்களே இரவில் உட்கார்ந்து தமிழில் எழுதிக்கொள்கிறோம் என்றார் இடுக்கியிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர். மூணாறுக்கு வந்தால் தன் வகுப்பைப் பார்க்கலாம் என்றவரும் அவரே.

மூணாறு

கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடக்கிறது. 1935-இல் கட்டிய வளைவுப் பாலம். அதைத் தாண்டியதும் ஏற்றம். சீயப்பாறை அருவி சாலையோரமாகவே விழுகிறது, பேருந்து ஜன்னலில் சாரல் அடிக்கிறது. அடிமாலிக்கு மேல் ஏலக்காயும் மிளகும் போய்த் தேயிலை தொடங்குகிறது. மூணாற்றுக் கடைத்தெருவில் இறங்கினால் காதில் விழுவது முக்கால்வாசி தமிழ். எஸ்டேட் வேலைக்குத் திருநெல்வேலி, தேனிப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் நான்கைந்து தலைமுறையாக லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் வாழ்கின்றன.

கேரளத்தில் பள்ளிகள் ஜூன் 3 அன்று திறந்தன. எங்கள் பள்ளிகள் 10-ஆம் தேதிதான் திறக்க இருந்ததால், நான் வகுப்பில் உட்கார முடிந்தது. பத்தாம் வகுப்பு, தமிழ் வழி, சமூக அறிவியல். பாடம் சமவுயரக் கோடுகள். புத்தகத்தில் பின்னால் வருகிற பாடம் அது. மழை வலுத்து மூடுபனி இறங்கிவிட்டால் ஜன்னல் வழியாக மலை தெரியாது என்பதால் அதை முன்னால் எடுத்துக்கொண்டதாக டீச்சர் சொன்னார்.

புரொஜெக்டரைத் திரையின் மேல் போடாமல் கரும்பலகையின் மேலேயே போட்டார். அவர்களுடைய பள்ளத்தாக்கின் செயற்கைக்கோள் படம் வந்தது. பிள்ளைகள் பள்ளியைக் கண்டுபிடித்தார்கள், பிறகு தேவாலயத்தை, பிறகு அவரவர் லயத்தை. சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு ஒரு பையனைக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கொடுத்து, "ஒரே உயரத்துல நடந்து போறேன்னு வச்சுக்க, ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது. எப்படிப் போவ, கோடு போடு" என்றார். ஒருவர் பின் ஒருவராக வந்து படத்தின் மேல் சாக்பீஸால் கோடு இழுத்தார்கள். புரொஜெக்டரை அணைத்தார். மலை மறைந்தது, பலகையில் வெள்ளைக் கோடுகள் மட்டும் நின்றன. சமவுயரக் கோட்டு வரைபடத்தை அந்தப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே உண்டாக்கியிருந்தார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன் என்றால் மிகையில்லை.

"எங்கெல்லாம் கோடு நெருக்கமா இருக்கு?" என்று கேட்டார். காட்டினார்கள். அங்கே சரிவு எப்படி இருக்கும் என்று கேட்டார். செங்குத்து என்றார்கள். பின்வரிசையில் ஒரு பெண், "பெட்டிமுடி மாதிரி" என்றாள். 2020 ஆகஸ்ட் மழையில் பெட்டிமுடி லயங்களின் மேல் மலை சரிந்து எழுபது பேர் இறந்தார்கள். வகுப்பு அமைதியானது. டீச்சர் பேச்சை மாற்றவில்லை. ஆமாம் என்று தலையசைத்துவிட்டு, அந்த நெருக்கமான கோடுகளுக்குக் கீழே வீடு கட்டலாமா, தண்ணீர் எந்த வழியாக இறங்கும், மழை நாளில் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளைகள் தங்கள் லயம் இருக்கும் இடத்தைப் பலகையில் மறுபடி பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார்கள்.

நடுவில் கரண்ட் போயிற்று. அது அவர் எதிர்பாராததல்ல. பையிலிருந்து காந்தளூர் உருளைக்கிழங்கை எடுத்துக் குறுக்காக வில்லை வில்லையாக வெட்டி, ஒவ்வொரு வில்லையையும் நோட்டில் வைத்துச் சுற்றி வரையச் சொன்னார். பாடம் அதே பாடம், அதே வேகம்.

மதிய உணவின்போது இந்தப் பாடம் எப்படி உருவானது என்று கேட்டேன். மே மாதப் பயிற்சியில் பாதி. அங்கே படத்தைத் திறக்கக் கற்றார்; கரும்பலகையில் போடும் யோசனை இன்னொரு பள்ளி ஆசிரியர் சொன்னது. ஊருக்குத் திரும்பிய பின் இணையம் வராமல் படம் திறக்கவில்லை. பயிற்சி கொடுத்தவரைத் தொலைபேசியில் பிடித்தார். முந்தைய நாளே படங்களைச் சேமித்து வைத்துக்கொள்ள அவர் சொல்லிக்கொடுத்தார். "அன்னைக்கு அவர் போனை எடுக்கலைன்னா நான் இந்தப் பாடத்தை விட்டிருப்பேன் சார்" என்றார். கொரோனாக் காலத்தில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொலைக்காட்சியில் ஓடியபோது, சிக்னல் தேடி மலையேறிப் போன பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை நடந்தே போய் நோட்டுத் திருத்திக் கொடுத்தவர் அவர். தன் பிள்ளைகளின் வீட்டில் இணையம் எவ்வளவு எட்டும் என்பது அவருக்கு அளவாகத் தெரிந்திருந்தது. பாடத்தை அதற்குத் தக்கபடிதான் தைத்திருந்தார்.

மறையூர், சின்னாறு

மூணாற்றிலிருந்து உடுமலைக்கு இறங்கும் சாலையில் தலையாறு தேயிலைத் தோட்டங்கள் முடிந்ததும் மழை நின்றுவிடுகிறது. மறையூர் மழை மறைவுப் பிரதேசம். சாலையின் இரு பக்கமும் கம்பி வேலிக்குள் சந்தன மரங்கள், அவற்றின் நடுவே முனியறைகள் என்னும் பழைய கல் ஈமச்சின்னங்கள். கரும்பு வயல்களுக்கு நடுவே ஆலைக் கொட்டகைகளில் வெல்லம் காய்ச்சுகிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம். கொப்பரையிலிருந்து மரத்தொட்டியில் ஊற்றிய பாகு ஆறும்வரை, கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து திட்டத்தை எழுதத் தொடங்கினேன்.

வழக்கமான படிவத்தில் முதல் கட்டம் 'பயிற்சித் தலைப்பு'. அதில் மென்பொருளின் பெயர் வரும். அந்த இடத்தில் 'எந்தப் பாடம் கற்பிக்கக் கடினமாக இருக்கிறது' என்று எழுதினேன். அதை ஆசிரியர்களிடமே கேட்டு வாங்க வேண்டும். அடுத்த கட்டத்தில் 'அந்தப் பாடத்தில் பிள்ளை கையால் என்ன செய்யும்'. கருவியின் பெயர் அதற்கும் அடுத்து. அணிக்கு 25 பேர், இரண்டு கருத்தாளர்கள். பள்ளியில் உள்ள அதே கருவியில்தான் பயிற்சி. ஒவ்வொருவரும் வரும் மாதத்தில் நடத்தப்போகும் ஒரு பாடத்தோடுதான் வெளியே போக வேண்டும், அதில் கரண்ட் போனால் என்ன செய்வது என்பதும் எழுதியிருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு முன்பே தலைமையாசிரியர்களுக்கு ஒரு நாள்: இருப்புப் பதிவேடு, உத்தரவாதம், பழுது, பீரோச் சாவி ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேச. ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை குறுவள மையத்தில் மறுபடி கூடி, வகுப்பில் என்ன நடக்கவில்லை என்று பேச வேண்டும்.

சின்னாறு சோதனைச் சாவடியில் பேருந்து நின்றபோது கைப்பேசியில் சிக்னல் வந்தது. எங்கள் ஒன்றியத்தில் கணக்கு எடுக்கும் ஒரு டீச்சரைக் கூப்பிட்டேன். வகுப்பில் அவர் வட்டத்தை நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். கருத்தாளராக வரச் சொல்லிக் கேட்டேன். உடனே சரி என்று சொல்லவில்லை. தன் பத்தாம் வகுப்பை வேறொருவரிடம் கொடுக்கக் கூடாது என்றார். பயிற்சி முடிந்த பிறகு ஆசிரியர்கள் போன் செய்வார்கள், அதற்கு வாரத்தில் இரண்டு பாடவேளை ஒதுக்கித் தர வேண்டும் என்றார். "அந்தச் சனிக்கிழமைக்கு எல்லாருக்கும் ஈடுசெய் விடுப்பு உண்டுன்னு முதல்லயே எழுத்துல குடுத்துருங்க சார். இல்லீன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க" என்றார்.

மூன்றையும் அவர் சொன்ன சொற்களிலேயே திட்டத்தில் சேர்த்துக்கொண்டேன்.